சம்பளக் கணக்கு வெளிச்சத்துக்கு வரட்டும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்பு அரிய சட்ட நுணுக்கங்களை எடுத்துரைத்து அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி அவர்களே, இந்த மண்டபத்தைக் கட்டணமின்றித் தந்துதவிய சங்கப் பொருளாளர் அவர்களே, ஷிப்டு முடிந்த களைப்போடு நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஒரே நிறுவனத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நிலவும் ஊதிய வேறுபாட்டைச் சட்டம், பதவி உயர்வு, வெளிப்படைத்தன்மை என்ற மூன்று நோக்கில் பேச வந்திருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சம்பளக் கணக்கில் அதையும் ஆண்டுக்கணக்காக மறைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், குட்இயர் டயர் ஆலையில் 1979-இல் வேலைக்குச் சேர்ந்தவர் லில்லி லெட்பெட்டர் அம்மையார். ஆண்களே நிறைந்திருந்த மேற்பார்வைப் பணியில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் உழைத்தார். உடன் பணிபுரியும் ஆண் என்ன வாங்குகிறார் என்பது அவருக்குத் தெரியாது. ஓய்வுபெறும் காலம் நெருங்கிய வேளையில், யாரோ ஒருவர் பெயர் குறிப்பிடாமல், அவர் சம்பளத்தையும் உடனிருந்த ஆண்களின் சம்பளத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அவர் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போனார். அவர் யாராயினும் அவரை இந்த மேடையிலிருந்து வணங்குகிறேன். வழக்கில் வெளிவந்த கணக்கைக் கேளுங்கள்: அம்மையாரின் மாதச் சம்பளம் 3,727 டாலர், அதே பொறுப்பிலிருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர், மிகுதியாக வாங்கியவருக்கு 5,236 டாலர்! அவர் நீதிமன்றம் சென்றார். ஜூரி அவர் பக்கம் நின்றது. ஆனால் 2007-இல் உச்ச நீதிமன்றம், ஊதியம் முடிவு செய்யப்பட்ட 180 நாளுக்குள் புகார் தரவில்லை என்று, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவர் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. கண்ணில் காட்டாத கணக்கின் மீது எப்படிப் புகார் தருவது? 2009-இல் அவர் பெயராலேயே ஒரு புதிய சட்டம் வந்தது. அவருக்கோ அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை.

நம் நாட்டில் 1976-லேயே சம ஊதியச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. பெண் சுருக்கெழுத்தாளர்களுக்கு ஆண்களைவிடக் குறைத்துக் கொடுத்த மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனம், தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடியதை 1987-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சங்கத் தலைவர்கள் வீற்றிருக்கும் அவையில் இதை அழுத்திச் சொல்வது என் கடமை.

பதவி உயர்வைப் பற்றி நீதிபதி அவர்களே விளக்கிவிட்டதால், என் கோரிக்கைக்கு வருகிறேன். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் ஆண், பெண் ஊழியரின் இடைநிலை ஊதியத்தை, அதாவது சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொகையை, தனித்தனியே வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி விதித்திருக்கிறது. பிரிட்டனிலோ 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி வேறுபாட்டை வெளியிடுகின்றன. நமக்கு 1,000 நிறுவனங்கள் போதா. மொத்தத்துக்கு ஒரே எண்ணும் போதாது. முழுப் பூசணிக்காய் மறைய அந்த ஒற்றை எண்ணே சோறாகிவிடும். நூறு பேர் வேலை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் பதவி வாரியாக ஊதியத்தை வெளியிட வேண்டும் என்னும் மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. அவைத்தலைவர் அவர்கள் முதல் கையெழுத்திட்டுத் தொடங்கிவைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.