செராமிக் கிளிப் மஞ்சளாயிடுச்சா? பல்லைப் போட்டுத் தேய்க்காதீங்க!

வணக்கம் மக்களே! இன்னிக்கு மேக்கப் எதுவும் இல்ல, கிளினிக்ல இருந்து இப்பத்தான் வந்தேன். இந்த டிஷ்யூவப் பாருங்க. ஃபோகஸ் ஆகுதா? கடுகு சைஸ்ல மஞ்ச மஞ்சளா ஆறு ரப்பர், என் பல்லு கிளிப்புல இருந்து கழட்டினது. வெள்ளிக்கிழமை மாட்டினப்போ கண்ணாடி மாதிரி இருந்துச்சு!

ஞாயித்துக்கிழமை திருப்பரங்குன்றத்துல சித்தி பொண்ணு கல்யாணம். பந்தியில சாம்பார், அதுக்கு மேல வத்தக்குழம்பு ரெண்டு தடவ. கை கழுவப் போய் கண்ணாடியப் பாக்குறேன், முன்பல்லு பூரா மஞ்சள். குரூப் போட்டோவுல நான் வாயே திறக்கல.

செராமிக் கிளிப் போட்ட அன்னிக்கு வீடியோவுல "கறையே பிடிக்காது"ன்னு சொல்லியிருந்தேன்ல? பாதிதான் சரி. பல்லுல ஒட்டுற அந்தச் சின்னக் கட்டி அலுமினா, அது கறைய உள்ள இழுக்காது. கம்பிய அதுல பிடிச்சு வைக்கிற ரப்பர் பாலியூரித்தேன். அது இழுத்துக்கும். மஞ்சள்ல இருக்குற குர்குமின் தண்ணியில கரையாது, எண்ணெயில நல்லாக் கரையும். தாளிச்ச எண்ணெயோட சேந்து ரப்பருக்குள்ள போயிடுச்சுன்னா எவ்வளவு கொப்பளிச்சாலும் வராது. இன்னிக்கு ரப்பர எடுத்ததும் கண்ணாடி வாங்கிப் பாத்தேன். அடியில கிளிப் அப்படியே வெள்ளையா இருக்கு! எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அதனால கமெண்ட்ல எலுமிச்சம்பழம் தேய்ங்க, கரித்தூள் தேய்ங்கன்னு சொல்றவங்களுக்கு: தயவு செஞ்சு சொல்லாதீங்க. எலுமிச்சை ஆசிட், பல்லோட மேல் ஓடான எனாமல அரிக்கும். கரித்தூள் தேய்ச்சுத் தேய்ச்சு எனாமலத் தேய்மானம் ஆக்கிடும். வெள்ளையாக்குற பேஸ்ட்டும் இப்ப வேணாம். கிளிப்புக்கு அடியில இருக்குற பல்ல அது தொடவே தொடாது, கழட்டின அன்னிக்கு நடுவுல ஒரு கலர், சுத்தி ஒரு கலர்னு நிக்கும்.

இப்ப காசு விஷயம். வழக்கமா நாலுல இருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவ கம்பிய டைட் பண்றப்போ ரப்பரயும் மாத்திடுவாங்க, அது பேக்கேஜ்லயே வந்துடும். நடுவுல போனா 300 ரூபாய்! ஆறு ரப்பருக்கு 300, ஒண்ணுக்கு 50 ரூபாய். பஸ்ஸுல வரும்போதும் இதே கணக்குதான் மனசுல ஓடுச்சு. மெட்டலுக்கு மேல 15,000 கூடக் குடுத்துத்தான செராமிக் போட்டேன், இதுக்கும் காசான்னு கேட்டே கேட்டுட்டேன். குறைக்கல. குடுத்துட்டேன்.

ஆனா குடுத்ததுக்குப் பலன் கிடைச்சுச்சு. டாக்டர்கிட்ட கேட்டேன், கலர் இல்லாத ரப்பரும் வெள்ளை ரப்பரும் மஞ்சள அப்படியே காட்டும், லேசான சாம்பல் கலர் போட்டா அவ்வளவாத் தெரியாதுன்னாங்க. போட்டாச்சு! இதோ, ஈ... தெரியுதா? சூப்பரா இருக்குல்ல? ரப்பருக்குப் பதிலா மெல்லிசு ஸ்டீல் கம்பியாலயும் கட்டலாம், கறை பிடிக்காது, ஆனா பளபளன்னு தெரியும், எனக்குப் பிடிக்கல. ரப்பரே வேண்டாத மாதிரி மூடி வெச்ச கிளிப்பும் இருக்கு, விலை ஜாஸ்தி.

அய்யோ, முக்கியமானத விட்டுட்டேன். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் டாக்டர் சொல்லாம நாள்கணக்கா ஊத்திக் கொப்பளிக்காதீங்க, அதுவே பழுப்புக் கறை போடும். அப்புறம் கிளிப்ப ஒட்டுற பசை ஓரத்துல மிச்சம் இருந்தா அங்கயும் டீக்கறை ஏறும். அத நீங்க சுரண்டாதீங்க, டாக்டர்கிட்டக் காட்டுங்க.

கறையவிட எனக்குப் பயம் வெள்ளைப் புள்ளிதான். கிளிப்பச் சுத்தி அழுக்கு தங்கினா எனாமல்ல இருந்து கால்சியம் கரைஞ்சு சுண்ணாம்பு மாதிரி புள்ளி விழும். ரப்பர மாத்திடலாம், இத எப்படி மாத்துறது? அதுக்குத்தான் ஃப்ளோரைடு பேஸ்ட், கூடவே இந்தக் குட்டி பிரஷ். கம்பிக்கு அடியில மேலருந்து ஒரு தடவ, கீழருந்து ஒரு தடவ, ஒவ்வொரு கிளிப்புக்கும். ராத்திரி எவ்வளவு தூக்கம் வந்தாலும் இத நான் விடுறதில்ல.

சாம்பார விட முடியுமா? என்னால முடியாது. சாப்பிட்ட உடனே கொப்பளிக்கிறேன், டீ ஒரு நாளைக்கு ஒண்ணுதான். அடுத்த விசேஷம்னா அதுக்கு முந்தின வாரம் டைட் பண்ணப் போறதில்ல, விசேஷம் முடிஞ்ச மறுநாள்தான். போட்டோ பூரா பழைய ரப்பரோட வருமேன்னு கேப்பீங்க. அதுக்குத்தான சாம்பல் கலர்! அடுத்த டைட்டிங் அன்னிக்கு இந்த ஆறையும் கழட்டி, இதே டிஷ்யூவுல மஞ்சளுக்குப் பக்கத்துல வெச்சுக் காட்டுறேன்.