முன் கண்ணாடிக்கு ஹீட்டர்: நம்ம ஊர் வண்டிக்கு அது வேணுமுங்களா?

[காட்சி: வால்பாறை ரோடு, மழை. காருக்குள்ளிருந்து பார்க்கிறோம். முன் கண்ணாடி ஓரத்திலிருந்து வெள்ளையாக மூடிக்கொண்டே வருகிறது.]

வணக்கமுங்க. ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மழைநாள்ல அதுல பாதி ஏறுறதுக்குள்ள முன் கண்ணாடி இப்படி ஆயிரும். ஓட்டறவர் ஒரு கைல ஸ்டியரிங், இன்னொரு கைல துண்டு. முன்னாடி இருக்கறவங்க "ஜன்னலைத் தெறங்க"ம்பாங்க, பின்னாடி இருக்கறவங்க "குளுருது, மூடுங்க"ம்பாங்க.

வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வர்ற சொந்தக்காரங்க இதைப் பாத்துட்டு ஒண்ணு சொல்லுவாங்க. "அங்க ஒரு பட்டன் இருக்குது, அமுக்குனா முன் கண்ணாடியே சூடாயிரும். ஐஸே ஒண்ணு ரெண்டு நிமிசத்துல உருகிரும். இங்க ஏன் அது இல்லை?" நியாயமான கேள்விதானுங்க. என்ற கணக்குல, ஊட்டி, கோத்தகிரியிலயே குடியிருக்கறவங்களைத் தவிர நம்ம பக்கம் யாரும் அதுக்குக் காசு போட வேண்டியதில்லை. ஏன்னு பாக்கலாம் வாங்க.

[காட்சி: கண்ணாடியின் குறுக்குவெட்டுப் படம். இரண்டு கண்ணாடி, நடுவில் மெல்லிய படலம்.]

முதல்ல கண்ணாடி. காரோட முன் கண்ணாடி ஒத்தைக் கண்ணாடி இல்லீங்க. ரெண்டு கண்ணாடி, நடுவுல பாலிவினைல் பியூட்டிரல்னு ஒரு பிளாஸ்டிக் படலம். அதுதான் லேமினேட்டட் கண்ணாடி. கல்லு பட்டா விரிசல் விடும், ஆனா பொலபொலன்னு மேல கொட்டாது. நம்ம நாட்டு மோட்டார் வாகன விதியிலயே முன் கண்ணாடி இப்படித்தான் இருக்கோணும்னு இருக்குது. பின் கண்ணாடி பெரும்பாலும் டஃபன்டு, அதாவது சூடாக்கிக் கெட்டியாக்குன கண்ணாடி, அது ஒத்தை. அதனாலதான் பின்னாடி மங்கலைப் போக்கற டீஃபாகர் கோடுகளை உள்பக்கமா கண்ணாடி மேலயே அச்சடிச்சு விடறாங்க. அதே கோடு முன்னாடி இருந்தா ரோட்டைப் பாக்கறதா, கோட்டைப் பாக்கறதா?

அதுக்கோசரம் முன்னாடி ரெண்டு வழி கண்டுபிடிச்சாங்க. ஒண்ணு, அந்த நடுப் படலத்துல தலைமுடியைவிட மெல்லிசான கம்பிகளை நெருக்கமா ஓட்டறது. 1985ல ஐரோப்பாவுல ஃபோர்டு கிரனாடா, ஸ்கார்ப்பியோ வண்டில வந்தது இந்த வகை. இன்னொண்ணு, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசா ஒரு உலோகப் படலம் பூசி அதுல கரண்டு விடறது. இது அதுக்கும் மூத்தது. 1974லயே அமெரிக்காவுல ஃபோர்டு தண்டர்பேர்டு, லிங்கன் மார்க் 4 வண்டிகளுக்கு இதை விருப்பத்துக்கு வாங்கிக்கற மாதிரி குடுத்தாங்க. உள்ள பூசுனது என்ன தெரியுமுங்களா? தங்கம்! அதுக்கு 12 வோல்ட் பத்தாதுன்னு இஞ்சின் சுத்தறதுல கரண்டு எடுக்கற ஆல்டர்னேட்டர், அதையே தனியா இன்னொண்ணு வெச்சாங்க. இப்ப வர்ற வண்டிகள்ல வெள்ளி.

[காட்சி: டேஷ்போர்டு பட்டன். அதில் முன் கண்ணாடி வடிவம்.]

இதுல என்ன லாபம்னு நேர்மையா சொல்லிரோணும். வேகம். சாதாரண கார் ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வருது? இஞ்சின் சூட்டைத் தணிக்க ஓடற தண்ணி, அந்தக் கூலன்ட்ல இருந்து. வெடியால குளுந்து கெடக்கற இஞ்சின், அதுவும் டீசல்னா, சூடாகறதுக்குச் சித்த நேரம் ஆகும். அதுவரைக்கும் ஃபேன் குளுந்த காத்தைத்தான் ஊதும். கரண்டுல சூடாகற கண்ணாடி கூலன்டுக்காகக் காத்திருக்காது. சத்தமும் இல்லை, கண்ணுல அனல் காத்தும் அடிக்காது. ஐஸைச் சுரண்டற வேலை இல்லை, வைப்பர் பிளேடு கண்ணாடியோட ஒட்டிக்கிட்டுக் கிழியறதும் இல்லை. கனடாவுல மைனஸ் 15ல வேலைக்குக் கெளம்பறவருக்கு இது ஆடம்பரமே இல்லைங்க.

எலெக்ட்ரிக் வண்டிக்கு இன்னொரு லாபமும் இருக்குது. அதுல இஞ்சின் சூடே கிடையாது, உள்ள சூடாக்கறது மொத்தமும் பேட்டரி செலவு. ஹீட்டர் போட்ட உடனே சில கிலோவாட் இழுக்கும். கண்ணாடியை மட்டும் சூடு பண்றதுக்கு அரை கிலோவாட் பக்கம் போதும், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு ஏறும்போது சார்ஜ் எப்படி இறங்குதுன்னு பாத்தவங்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

இன்னொண்ணையும் சொல்லீரணும். வெள்ளிப் படல வகை வெயிலோட அனலையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும். சித்திரை மாசம் திருப்பூர்ல வெயில்ல நிறுத்துன வண்டிக்குள்ள ஏறுறவருக்கு, ஐஸை உருக்கற வேலையைவிட இது பெரிய உதவி. ஆனா அதுக்கு ஹீட்டர் எதுக்குங்க? அனலைத் தடுக்கற கண்ணாடி தனியாவே சில வண்டில கம்பெனியிலயே போட்டு வருது.

[காட்சி: இரவு. எதிரே வரும் லாரியின் ஹெட்லைட். கண்ணாடியில் ஒளி நீளமாகச் சிதறுகிறது.]

இனிக் குறைகள். கம்பி வகைல ராத்திரிதான் தொந்தரவு. எதிர்ல ஹெட்லைட் அடிச்சா வெளிச்சம் கம்பில பட்டுச் சிதறி, விளக்கைச் சுத்தி கீத்துக்கீத்தாத் தெரியும். சிலருக்குப் பழகிரும், சிலருக்குக் கடைசி வரைக்கும் பழகாது. டிம் பண்ணாத லாரி எதிர்ல வர்ற நம்ம ரோட்டுல அதைச் சேத்து நெனச்சுப் பாருங்க.

அடுத்தது கல்லு. டிப்பர் லாரி பின்னாடி போய்க் கண்ணாடில பொட்டு வாங்காத வண்டி பல்லடம் பக்கம் இருக்குதுங்களா? சாதாரண லேமினேட்டட்ல சின்னப் பொட்டுன்னா ரெசின் ஊத்திச் சரி பண்ணீருவாங்க. ஹீட்டர் கண்ணாடில கல்லு ஆழமா இறங்கிக் கம்பி அறுந்தா, அந்தக் கம்பி ஓடற இடம் அதுக்கப்புறம் சூடாகாது. ரெசின் விரிசலைத்தான் மூடும், கம்பியை ஒட்டாது. மாத்தறதுன்னா மொத்தக் கண்ணாடியும் போகோணும், விலையும் நெம்ப அதிகம். கடைல ஸ்டாக் இருக்காது, வரவழைக்கோணும். இன்சூரன்ஸ்ல கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்கறதில்லை, அது ஒரு ஆறுதல். ஆனா கிளெய்ம் போட்டா, கிளெய்ம் போடாததுக்குக் கெடைக்கற தள்ளுபடி, அந்த நோ கிளெய்ம் போனஸ் அடிபடும்.

கரண்டு செலவையும் பாருங்க. 600 வாட்டுன்னு வெச்சுக்குங்க. வண்டி ஓடும்போது பதிமூணரை வோல்ட்டு, வகுத்தா 44 ஆம்பியர். சின்ன வண்டி ஆல்டர்னேட்டர் மொத்தமாக் குடுக்கறதுல பாதிக்கு மேல இது ஒண்ணே இழுத்துரும். அதனாலதான் இஞ்சின் ஓடுனாத்தான் வேலை செய்யும், சில நிமிசத்துல தானா நின்னுரும். இதை வெளில வாங்கிச் சாதாரண வண்டில மாட்டிக்கலாம்னு யாராச்சும் சொன்னா, வயரிங், ஃபியூஸ், ஆல்டர்னேட்டர் எல்லாத்துக்கும் அவங்க என்ன பண்ணப் போறாங்கன்னு கேளுங்க.

ஆன்லைன்ல 500, 600 ரூபாய்க்கு விக்கறாங்களே, லைட்டர் சாக்கெட்டுல சொருகற குட்டி ஹீட்டர், அதைப் பத்தியும் கேக்கறீங்க. அந்த சாக்கெட்டு தாங்கறதே 120ல இருந்து 180 வாட்டு வரைக்கும்தான். அதுல வர்ற சூடு உள்ளங்கைக்குப் பத்தும். கண்ணாடிக்குப் பத்தாது. சாக்கெட்டு சூடாகி உருகாம இருந்தாச் சரி.

[காட்சி: கணியூர் டோல்கேட். வரிசையில் நிற்கும் கார்கள்.]

நம்ம நாட்டுக்குன்னே ஒரு சிக்கல் இருக்குது, ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரில இருந்து நாலு சக்கர வண்டிக்குக் கட்டாயம், ஒட்டறது முன் கண்ணாடி உள்பக்கம். அது பேசறது 865ல இருந்து 867 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைல. உலோகப் படலம் அந்த அலையைத் தடுக்கும். கணியூர், விஜயமங்கலம் டோல்ல வண்டி முன்னாடி பின்னாடி போய் நின்னு, ஆளு கைக்கருவியோட ஓடி வர்றதுக்கு எத்தனையோ காரணம் உண்டு, இது அதுல ஒண்ணு. படலம் பூசுன கண்ணாடில பெரும்பாலும் பின்னாடி வர்ற வண்டியைப் பாக்கற நடுக் கண்ணாடிக்குப் பக்கத்துல பூசாத ஒரு சின்ன இடம் விட்டிருப்பாங்க, வண்டியோட கையேட்டுல படம் போட்டிருக்கும். டேக்கை அந்த இடத்துல ஒட்டோணும். ஜிபிஎஸ் கருவியைக் கண்ணாடில ஒட்டி வெக்கறவங்களுக்கும் இதேதான்.

சரி, இப்ப முக்கியமான விஷயத்துக்கு வருவமுங்க. இந்தக் கண்ணாடி ஐஸுக்காகச் செஞ்சது. நம்ம பிரச்சனை ஐஸ் இல்லை, ஈரம்.

[காட்சி: காருக்குள் நான்கு பேர், நனைந்த குடை. மூச்சுக்காற்று கண்ணாடியில் படிவது அனிமேஷனில்.]

வண்டிக்குள்ள நாலு பேர் மூச்சு விடறாங்க, நனைஞ்ச குடை, நனைஞ்ச செருப்பு. உள்காத்து பூரா ஈரம். மழையும் காத்தும் பட்டுக் கண்ணாடி குளுந்திருக்குது. அந்த ஈரம் அதுல படியுது. ஹீட்டர் கண்ணாடி என்ன பண்ணும்? கண்ணாடியைச் சூடாக்கி அங்க படிய விடாது. ஈரம் மட்டும் வண்டிக்குள்ளயேதான் இருக்கும். எங்க போகும்? பக்கத்து ஜன்னல் கண்ணாடிக்கு. கொண்டை ஊசி வளைவுல வண்டியைத் திருப்பும்போது மேல இருந்து பஸ் வருதான்னு எதுல பாப்பீங்க? முன் கண்ணாடிலயா? பக்கத்துக் கண்ணாடி வழியா எட்டித்தான் பாக்கோணும். அது மூடியிருந்தா, முன்னாடி எவ்வளவு பளிச்சுன்னு இருந்து என்ன பிரயோஜனம்?

அதனால ஈரத்தையே வெளியேத்தோணும். அந்த மிஷின் உங்க வண்டில இருக்குது, ஏசி. "குளுருலயா ஏசி?"ன்னு கேப்பீங்க. ஏசியோட குளுந்த காயில்ல காத்து பட்டா அதுல இருக்கற ஈரம் தண்ணியாப் பிரிஞ்சு கீழ இறங்கிரும். வண்டிக்கு அடியில சொட்டுதே, அந்தத் தண்ணிதான். இப்ப ஏசி பட்டனையும் போட்டு, சூட்டுத் திருகியைச் சிவப்புப் பக்கமும் திருப்புங்க. ஈரம் போன காத்து சூடாகி வரும். காத்தை முன் கண்ணாடிப் பக்கம் விடுங்க, ஃபேனைக் கூட்டுங்க. முக்கியமா, உள்காத்தையே சுத்த விடற பட்டனை அணைச்சு வெளிக்காத்து வர விடுங்க. வெளில மழையா இருந்தாலும் சரிங்க, குளுந்த காத்துல மொத்த ஈரம் கம்மிதான். சித்த நேரத்துல முன்னாடி, பக்கத்துல, எல்லாக் கண்ணாடியும் தெளிஞ்சிரும். பக்கத்து வென்ட்டை ஜன்னலைப் பாத்துத் திருப்பி வெச்சா இன்னும் சீக்கிரம்.

[காட்சி: வண்டிக்கு வெளியே, கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்கலாக இருக்கிறது.]

சில சமயம் உள்ள தொடைச்சாலும் போகாது. அது வெளிப்பக்கம் படிஞ்சது. ஏசியை 18ல வெச்சுக்கிட்டு மழை விட்ட சாயங்காலம் பொள்ளாச்சில இருந்து பாலக்காட்டுப் பக்கம் போனா வரும். ஐஸ் தண்ணி ஊத்தி வெச்ச செம்பு வெளில வேர்க்குமில்லீங்களா, அதேதான். இதுக்கு மேல சொன்னதுக்கு நேர் எதிர் வைத்தியம்: வைப்பரை ஒருவாட்டி போடுங்க, ஏசியை 25, 26க்கு ஏத்துங்க, காத்து கண்ணாடில படாம திருப்பி விடுங்க. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்கறதுக்கு விரலால உள்பக்கம் ஒரு கோடு போட்டாப் போதும்.

நாமக்கல் லாரிக்காரங்க வைப்பர் கெட்டுப்போனா வெளிக் கண்ணாடில புகையிலையைத் தேய்ப்பாங்க, சிலர் உருளைக்கிழங்கு. தண்ணி முத்து முத்தா நிக்காம விரிஞ்சு ஓடும். அவசரத்துக்குச் சரி. அடுத்த ராத்திரி எதிர் வெளிச்சத்துல கண்ணாடி மசமசன்னு இருக்கும்.

[காட்சி: ஊட்டி தலைகுந்தா புல்வெளி. வெடியால உறைபனி. நிறுத்திய கார் மேல் வெள்ளைப் பொடி.]

ஊட்டிக்காரங்களுக்கு வர்றனுங்க. 2,200 மீட்டர் உயரத்துல, மார்கழி, தை மாசம் உறைபனி விழும். தலைகுந்தா, காந்தல் பக்கம் வெடியால வண்டி வெள்ளையா நிக்கும். அங்க நெதமும் ஆறு மணிக்கு வண்டி எடுக்கறவருக்கு ஹீட்டர் கண்ணாடி உண்மையிலேயே உதவும். மத்தவங்க ராத்திரியே ஒரு கெட்டித் துணியோ அட்டையோ கண்ணாடி மேல போட்டு வைப்பரால அமுக்கி வைங்க. வானத்தைப் பாத்துக் கெடக்கற கண்ணாடிதான் சூட்டை வெளிய விட்டு உறையும். மூடுனாலோ ஷெட்டுல நிறுத்துனாலோ பனி படியாது. சுடுதண்ணி மட்டும் ஊத்தாதீங்க, கண்ணாடி படார்னு விரிஞ்சிரும்.

கடைசியா ஒண்ணு. கோயமுத்தூர்ல செகண்ட்ஹேண்டு சொகுசு வண்டி நெறைய கைமாறுது, அதுல சிலதுல இந்தக் கண்ணாடி இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. காலைல, வெயில் ஏறுறதுக்குள்ள, ரெண்டு பேர் உள்ள உக்காந்து ஜன்னலை மூடி, உள்காத்துப் பட்டனைப் போட்டுக் கண்ணாடி மங்கற வரைக்கும் இருங்க. இஞ்சினை ஓட்டி, ஃபேனை அணைச்சு, அந்தப் பட்டனை அமுக்குங்க. கண்ணாடி பூரா ஒண்ணாத் தெளியோணும். பட்டை பட்டையா மங்கல் நின்னா கம்பி அறுந்திருக்குது, ஒரு பாதி மொத்தமும் தெளியலைன்னா ஃபியூஸோ இணைப்போ போயிருக்குது. ஃபியூஸ்னா சின்னச் செலவு. கம்பின்னா, புதுக் கண்ணாடி விலையைக் கேட்டு அதைக் கழிச்சுக்கிட்டு வண்டி விலையைப் பேசுங்க.