சந்தேகங்களுக்கு விளக்கம்: புது எறும்பு வந்தால் பழைய எறும்பு எங்கே போகும்?

வணக்கம். போன வாரம் தீவுகளைப் பற்றிப் பேசும்போது, வெளியிலிருந்து வரும் எறும்பு அங்கே ஏற்கெனவே இருக்கும் எறும்புகளை ஒழித்துவிடும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி அதைப் பிடித்துக்கொண்டார். கேள்வியைப் படிக்கிறேன்: "ஐயா, எறும்பை எறும்பு எப்படி ஒழிக்கும்? எல்லாம் ஒரே இனம்தானே? எங்கள் மாந்தோப்பில் இரண்டு வருடமாக மஞ்சளாக, கால் நீளமாக ஒரு எறும்பு ஓடுகிறது. முன்பு மரத்துக்கு மரம் இருந்த முசுறு, அதுதான் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு, இப்போது இரண்டே மரத்தில்தான் இருக்கிறது. தீவில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறதா?"

தம்பி, எறும்புக்குப் பல்லியோ காக்கையோ பெரிய எதிரி இல்லை. எறும்புக்கு எதிரி எறும்புதான். வேறு இனம் மட்டுமில்லை, தன் இனத்திலேயே பக்கத்துப் புற்று.

காட்பாடியில் என் வீட்டுச் சுற்றுச்சுவர் ஓரம் இரண்டு கட்டெறும்புப் புற்றுகள் இருக்கின்றன. நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை. ஒரு நாள் ஒரு புற்றிலிருந்து ஒரு எறும்பைத் தீப்பெட்டியில் பிடித்து, அடுத்த புற்றின் வாசலில் விட்டேன். வாசலில் நின்ற எறும்பு தன் உணர்கொம்பால் அதை இரண்டு தடவை தடவிப் பார்த்தது. அடுத்த நொடி காலைக் கவ்விக்கொண்டது. மூன்று நான்கு சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. ஒவ்வொரு எறும்பின் உடம்பிலும் ஒரு மெழுகுப் பூச்சு உண்டு, அதன் வாசனைதான் அதற்கு ரேஷன் கார்டு. வேறு கடைக் கார்டு என்றால் அவ்வளவுதான்.

இதே வேலையை அணைக்கட்டுப் பக்கம் ஒரு நண்பரின் தென்னந்தோப்பில், நீங்கள் சொல்கிற அந்த மஞ்சள் எறும்பை வைத்துச் செய்தேன். பத்து மரம் தள்ளிக் கொண்டுபோய் விட்டேன். அங்கிருந்த எறும்பு ஒரு தொடு தொட்டது, அப்புறம் தன் வழியைப் பார்த்துப் போய்விட்டது. நான் விட்டதும் வரிசையில் சேர்ந்து ஓட ஆரம்பித்துவிட்டது. சண்டையே இல்லை!

மர்மம் இதில்தான் இருக்கிறது. ஊரைப் பிடிக்கிற எறும்புகளுக்கு உடல் பலம் பெரிதில்லை. மஞ்சள் எறும்பு நான்கைந்து மில்லிமீட்டர்தான், கொடுக்கும் கிடையாது. ஃபார்மிக் அமிலம் என்கிற எரிச்சல் தரும் திரவத்தைப் பீய்ச்சும், அவ்வளவே. ஆனால் பங்காளிச் சண்டையை விட்டுவிட்டது. தன் இனத்தோடு மல்லுக்கட்டுகிற ஆள்பலம் முழுக்க வெளியே திரும்புகிறது. ராணியும் ஒன்று இல்லை, ஒரே புற்றில் நிறைய. நம் கட்டெறும்பு ராணி மழைக்குப் பிறகு பறந்து, தனியாகக் குழி தோண்டி, முதல் குஞ்சுகளைத் தானே வளர்க்க வேண்டும். பெரும்பாலான ராணிகள் அதற்குள் செத்துப்போகும். மஞ்சள் எறும்பு ராணியோ பத்து இருபது வேலைக்கார எறும்புகளோடு பக்கத்துக் கல்லுக்கடியில் நடந்துபோய்க் குடித்தனம் வைத்துவிடும்.

சரி, தீவுக்கு வருவோம். நம் வேலூர்க் கோட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றி அகழி. அகழி இருக்கும்வரை உள்ளே இருப்பவர்களுக்கு நிம்மதி. ஆனால் எதிரி ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால், தப்பி ஓட விடாததும் அதே அகழிதான். கடல் தாண்டித் தீவுக்கு வந்து சேர்ந்த எறும்பினங்கள் கொஞ்சம். இப்படிப்பட்ட கூட்டத்தை அவை பார்த்ததே இல்லை. கப்பல் சரக்கில், மரக்கட்டையில், தொட்டிச் செடியின் மண்ணில் புது எறும்பு இறங்கியதும் ஒதுங்க இடம் கிடையாது.

இங்கே ஒரு திருத்தம். எறும்புப் படையெடுப்பு என்றாலே எல்லாரும் கிறிஸ்துமஸ் தீவைச் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். இந்தியப் பெருங்கடலில் 135 சதுர கிலோமீட்டர் அளவுள்ள ஆஸ்திரேலியத் தீவு அது. 1989-ல் மஞ்சள் எறும்பின் பெருங்கூட்டம் அங்கே முதலில் கண்ணில் பட்டது. பிறகு ஒரு சதுர மீட்டரில் 2,000-க்கு மேல் எறும்பு ஓடும் அளவுக்குப் போனது. சிவப்பு நண்டுகள் கோடிக்கணக்கில் செத்தன. ஆனால் உங்கள் கேள்விக்கு அது சரியான உதாரணம் இல்லை. அந்தத் தீவின் எறும்புகளே பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவை. ஹவாயிலோ சொந்த எறும்பு என்று ஒன்றுகூடக் கிடையாது. இப்போது இருக்கிற ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்களும் மனிதனோடு வந்தவைதான். அங்கே அடி வாங்கியவை வண்டுகளும் மற்ற பூச்சிகளும்.

எறும்பு எறும்பால் அழிவதைப் பார்க்க வேண்டுமென்றால் பசிபிக் பெருங்கடலில் இருக்கும் காலபகோஸ் தீவுகளுக்குப் போக வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் நெருப்பெறும்பு ஒன்று, அமெரிக்கக் கண்டத்துக்காரன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது. அது பரவிய இடங்களில் மற்ற எறும்பினங்கள் சரசரவென்று குறைந்தன. ஃபிஜித் தீவுகளைப் பற்றி 2025-ல் ஓர் ஆய்வு வந்தது. அருங்காட்சியக எறும்புகளின் மரபணுவை வைத்துப் பார்த்ததில், அந்தத் தீவுகளுக்கே உரிய எறும்பினங்களில் 79 சதவீதம் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. சுமார் 3,000 வருடங்களுக்கு முன் மனிதன் கால் வைத்த பிறகுதான் இறக்கம், கடைசிச் சில நூற்றாண்டுகளில் இன்னும் வேகம். இதில் எல்லாப் பழியையும் புது எறும்பு மேல் போட முடியாது. காட்டை வெட்டியதும் விவசாயமும் சேர்ந்துதான். எனக்குப் பட்டவரை, காடு கலைந்தால்தான் புது எறும்புக்குக் கதவே திறக்கிறது.

எல்லா எறும்பும் ஒன்றுபோலப் போவதில்லை. பகலில் வெளியே சுற்றி, இனிப்புக்குப் போட்டி போடுகிற இனங்கள்தான் முதலில் போகும். சருகுக்கடியில், மண்ணுக்குள் கண்ணுக்கே தெரியாமல் வேட்டையாடுகிற சின்ன எறும்புகள் பல தப்பித்துவிடும். வந்தவனுக்கு அவற்றோடு தகராறு இல்லை.

நம் தோப்புக்குப் பொருந்துகிற உதாரணம் பசிபிக் பெருங்கடலில் உள்ள சாலமன் தீவுகள். அங்கும் தென்னை, அங்கும் முசுறு. குரும்பையில் ஊசிபோல வாயைக் குத்திச் சாறு உறிஞ்சுகிற ஒரு நாவாய்ப்பூச்சி இருக்கிறது. முசுறு இருக்கும் மரத்தை அது நெருங்காது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருந்தலை எறும்பு முசுறைத் துரத்திய மரங்களில் குரும்பை கொட்ட ஆரம்பித்தது. எறும்புச் சண்டையில் ஜெயித்தது யார் என்பதைத் தேங்காய் வெட்டில் எண்ணிப் பார்க்கலாம்.

இனி உங்கள் தோப்பு. அந்த மஞ்சள் எறும்பு நேற்றுக் கப்பலில் வந்ததில்லை, பயப்படாதீர்கள். கம்பெனிக் காலத்து ராணுவ மருத்துவர் ஜெர்டன், 1851-ல் தென்னிந்திய எறும்புகளைப் பட்டியல் போட்டபோதே அதற்கு நீளக்காலன் என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார். இங்கே அதற்குப் போட்டி நிறைய. ஆனால் 2022-ல் திண்டுக்கல் கரந்தமலை அடிவாரத்தில் ஆடு மாட்டின் கண்ணைப் பதம் பார்த்ததும் இதே எறும்புதான். ஆகவே அலட்சியமும் வேண்டாம்.

இந்தக் கூட்டம் பெருகுவது சர்க்கரையால். சீத்தா மரத்தில் பார்த்திருப்பீர்கள். காயின் செதில் இடுக்கில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பிக்கொண்டிருக்கும். எறும்பு வந்து உணர்கொம்பால் தட்டும், பூச்சியின் பின்புறம் ஒரு சொட்டுத் தேன்போல வரும், உடனே உறிஞ்சிவிடும். காவலும் காக்கும். கிறிஸ்துமஸ் தீவில் இதைப் புரிந்துகொண்டுதான், அங்கே எறும்புக்குத் தேன் கொடுத்த அரக்குப்பூச்சியைக் கொல்ல 2016-ல் மலேசியாவிலிருந்து ஒரு நுண்குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

உங்களுக்குக் குளவி தேவையில்லை. மாவுப்பூச்சி அப்பிய கிளை நுனிகளை வெட்டி எரியுங்கள். தரையைத் தொடும் கிளைகளைக் கழியுங்கள். முசுறு இல்லாத மரங்களில் அடிமரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைக் கட்டி அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். மரம் முழுக்க மருந்தடிக்காதீர்கள், முதலில் சாவது முசுறாகத்தான் இருக்கும். அந்த இரண்டு மரத்து முசுறுக் கூட்டைக் கலைக்கவும் வேண்டாம். பல மரத்துக்கும் சேர்த்துப் பெரும்பாலும் ஒரே ராணி, அது எந்த இலைக்கூட்டில் இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மாங்காய் பறிக்கும்போது கடிக்கும்தான், என்ன செய்வது.

தீப்பெட்டிச் சோதனையைத் தோப்பின் இரண்டு கோடியிலும் செய்து, சண்டை வந்ததா இல்லையா என்று எழுதுங்கள். மஞ்சள் எறும்பை மட்டும் பிடியுங்கள். முசுறைப் பிடித்தால் பெட்டியை மூடுவதற்குள் சட்டைக்குள் போய்விடும். அடுத்த கேள்வி ஒடுகத்தூரிலிருந்து, கதவு நிலையில் கரையான்.