கரகம் போற தெருவுல மசூதி இருந்தா

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஊர்ல சண்டை சச்சரவு இல்லாம இருக்க கோயில், மசூதி, சர்ச் பெரியவங்க என்ன பண்ணலாம்னு பேசக் கூப்ட்டாங்க. இத விட்டா எனக்கு வேற பேச்சே இல்லன்னு வீட்லயே திட்டுவாங்க, அது வேற விஷயம்.

நம்ம பக்கம் சாமிக்காக யாருங்க சண்டை போடறா? ஊர்வலம் எந்தத் தெருவுல போகுது, கூம்பு ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பாத்திருக்கு, தகராறு அங்கதான் ஆரம்பிக்கும். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு ஊரு, மாரியம்மன் கரகம் போற தெருவுலயே மசூதி. திருவிழா வெள்ளிக்கிழமையில விழுந்துடுச்சுன்னா பூசாரி முந்தின நாளே மசூதி இமாமுக்கு போன் போட்ருவாரு, "ஹஜ்ரத், நாளைக்கு ஜும்மா எப்ப முடியும்?" "ஒன்றரைக்கு முடிஞ்சிடும் பூசாரி, முன்னாடியே வந்துட்டீங்கன்னா பம்பைய மட்டும் தெருமுனையில நிறுத்திடுங்க." அவ்ளோதாங்க பேச்சே. பம்பைக்காரங்க நிழல்ல ஒதுங்கி பீடி பத்த வெச்சுக்குவாங்க, கரகம் எடுத்தவரு மட்டும் பாவம், வெயில்ல வெறுங்கால்ல தலைச்சுமையோட நிக்கணும், அதனால மசூதிப் பசங்களே குடத்துல தண்ணி கொண்டாந்து தார் ரோட்ல ஊத்தி விடுவாங்க.

இதே பேச்ச தாசில்தார் ஆபீஸ்ல அமைதிக் கூட்டம் போட்டு பேசிப் பாருங்க, நடக்காது. பின்னாடி நம்மாளுங்க பத்து பேரு நிக்கறப்ப யாருங்க எறங்கி வருவா? எறங்கினா கௌரவம் போச்சு. முந்தின நாள் போன்ல எறங்கினா யாருக்கும் தெரியாது, அதான் நான் திரும்பத் திரும்பச் சொல்றேன், முந்தின நாள், முந்தின நாள்.

வாட்ஸப் வதந்தியும் அப்படித்தான், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஃபாதர் "அந்த வீடியோ நம்ம ஊர் இல்லப்பா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா பாதி அடங்கிடும்.

ஐயோ, ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நேரமாச்சுன்னு கை காட்டறாங்க, முக்கியமானதே பாக்கி இருக்குங்க. 2012 நவம்பர்ல தர்மபுரி பக்கத்துல நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டின்னு தலித் மக்களோட காலனி வீடுங்கள கொளுத்தினாங்களே, அது மதச் சண்டை இல்ல, சாதி. அங்க யாரு யாருக்கு போன் போடறது? பூசாரியே ஒரு தரப்பு ஆளா இருப்பாரு. மசூதிக்காக பம்பைய நிறுத்தறவரு, அம்மன் காலனித் தெருவுக்கும் போகட்டும்னு மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு, ஏன்னு... சரிங்க, நேரம் முடிஞ்சுதாம். இன்னொரு தடவ கூப்ட்டா அங்கிருந்தே ஆரம்பிக்கறேன், வணக்கம்.