சுரைக்காயும் சாட்சி சொல்லும்

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி, அரங்கத்தின் கைதட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் அம்மையார் அவர்களே, இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு எங்களைச் சகித்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தலைப்பை ஒரு முறை நினைவூட்டிவிடுகிறேன். 'ஐரோப்பிய, கிழக்காசிய மரபு ஓவியங்களில் காணப்படும் காமக் குறியீடுகள் ஓவியர் வைத்தவையா, பார்ப்பவர் கற்பித்தவையா?' ஓவியர் வைத்தவையே என்று பேச வந்திருக்கிறேன்.

அம்மையார் என்ன சொன்னார்கள்? "பழத்தைப் பழமாகப் பாருங்கள். மனத்தில் அழுக்கு இருப்பவனுக்குத்தான் பழத்திலும் அழுக்கு தெரியும்" என்றார்கள். குடும்பம் குடும்பமாக வந்து அமர்ந்திருக்கும் அவையில் இதற்குக் கை தட்டாமல் இருக்க யாருக்குத் துணிச்சல் வரும்? தட்டாதவரைப் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு மாதிரி பார்ப்பாரே! எதற்கு வம்பு என்று நானும் தட்டினேன்.

தட்டி முடித்தாகிவிட்டது. இனி அந்தப் பழத்துக்கே வருகிறேன்.

ரோமில் தைபர் ஆற்றங்கரையில் வில்லா ஃபர்னெசினா என்றொரு மாளிகை இருக்கிறது. அதைக் கட்டியவர் அகோஸ்தினோ கீஜி. போப்பாண்டவருக்கே கடன் கொடுத்த வங்கிக்காரர். 1517, 1518 வாக்கில் ஓவியர் ரஃபேலின் பட்டறையைச் சேர்ந்தவர்கள் அந்த வீட்டுத் தாழ்வாரத்தின் விதானம் முழுக்க ஓவியம் தீட்டினார்கள். தேவர்களைச் சுற்றிவரும் காய்கனித் தோரணங்களுக்குப் பொறுப்பு ஜொவான்னி தா ஊதினே. நூற்றுக்கு மேற்பட்ட தாவர வகைகளை அவர் தீட்டியிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய மக்காச்சோளம்கூட உண்டு. பறந்துகொண்டிருக்கும் மெர்க்குரி தேவனுக்கு மேலே ஒரு சுரைக்காய். அதன் அடியில், இரு பக்கமும் ஒவ்வொன்றாக, இரண்டு கத்தரிக்காய். எதிரே முற்றிப் பழுத்து வெடித்த ஓர் அத்திப்பழம். சுரைக்காயின் நுனி எங்கே போயிருக்கிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. முன் வரிசையில் என் மாமியார் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் ஜோர்ஜோ வசாரி சொல்லிவிட்டார். அதே காலத்தில் வாழ்ந்தவர், தாமும் ஓவியர், இத்தாலிய ஓவியர்களின் வரலாற்றை எழுதியவர். 1568ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்தச் சுரைக்காயைப் பிரியாப்பஸ் என்றே குறிப்பிடுகிறார். பிரியாப்பஸ், ஆண்குறியையே அடையாளமாகக் கொண்ட ரோமானியத் தோட்டத் தெய்வம். கத்தரிக்காய் எதற்கு நிற்கிறது, அத்திப்பழத்துக்குள் எது நுழைகிறது என்பதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் எழுதி, என்ன நயமான கற்பனை என்று பாராட்டவும் செய்கிறார். இப்போது சொல்லுங்கள் அம்மா, இந்த அழுக்கு யார் மனத்தில் இருந்தது? என் மனத்திலா, வசாரி மனத்திலா? 1519இல் கீஜிக்குத் திருமணத்தை நடத்திவைத்தவர் போப்பாண்டவர் பத்தாம் லியோ. அப்பேர்ப்பட்ட விருந்தாளிகள் வந்துபோன வீட்டு விதானத்தில்தான் அந்தச் சுரைக்காய் தொங்கியது. ஐந்நூறு ஆண்டு கடந்து இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய பேராசிரியர் ஐயா ஒரு நல்ல எடுத்துக்காட்டு கொடுத்தார். அதை நான் மறைக்கப்போவதில்லை. லியனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் சிறுவயது நினைவாக ஒரு பறவையைப் பற்றி எழுதியிருந்தார். 1910இல் உளப்பகுப்பாய்வாளர் பிராய்ட் அதை எடுத்துவைத்துக்கொண்டு லியனார்டோவின் மனவாழ்க்கை முழுவதற்கும் விளக்கம் எழுதினார். லியனார்டோ எழுதியது பருந்து. பிராய்ட் நம்பிய ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அது பிணந்தின்னிக் கழுகாகிவிட்டது. பிராய்ட் அந்தக் கழுகைப் பிடித்துக்கொண்டு எகிப்தியத் தாய்த் தெய்வம் வரைக்கும் போய்வந்தார். பிறகு ஆஸ்கர் ஃபிஸ்டர் என்பவர் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில், மரியாளின் ஆடை மடிப்பிலேயே அந்தக் கழுகு தெரிகிறது என்றார். பருந்து கழுகாகி, கழுகு துணியில் இறங்கிவிட்டது! இது பார்ப்பவர் கற்பித்தது. முழு மதிப்பெண்ணும் எதிரணிக்கே. நடுவர் ஐயா குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் வசாரிக்கும் பிராய்டுக்கும் என்ன வேறுபாடு என்று பாருங்கள். பிராய்டுக்கு அந்தக் காலத்துச் சாட்சி ஒருவர்கூட இல்லை. நான் கொண்டுவருவதெல்லாம் அந்தந்தக் காலத்துச் சாட்சிகள். சாட்சி இல்லாத இடத்தில் நானும் வாயைத் திறக்கப்போவதில்லை.

அடுத்து நெதர்லாந்து. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் எங்கே பார்த்தாலும் பறவை. வேடன் பறவை கொடுக்கிறான், கிழவர் கோழி விற்கிறார், வேலைக்காரி வாத்துக்கு இறகு பிடுங்குகிறாள். குடும்பப் பாங்கான காட்சிகள்தாம். ஆனால் டச்சு மொழியில் பறவைக்கு ஃபோகல் என்று பெயர். அதிலிருந்து பிறந்த ஃபோகலன் என்ற வினைச்சொல்லுக்கு அக்கால வழக்கில் உடலுறவு கொள்வது என்று பொருள். 1960களின் இறுதியில் எடி டி யோங் என்ற கலை வரலாற்றாளர் இதை எடுத்துக்காட்டினார். அவரும் ஊகமாகச் சொல்லவில்லை. 1600ஐ ஒட்டி கில்லிஸ் ஃபான் பிரேன் செய்த ஒரு செதுக்கோவியம் உண்டு. பறவை விற்பவனிடம் ஒரு பெண் விலை கேட்கிறாள். படத்தின் அடியிலேயே உரையாடல் அச்சாகியிருக்கிறது.

"இந்தப் பறவை என்ன விலை?"

"விற்றாகிவிட்டது."

"யாருக்கு?"

"ஒரு விடுதிக்காரிக்கு. வருடம் முழுக்க அவளைத்தான் நான் பறவையாடுகிறேன்."

அச்சிட்டு, காசு வாங்கி விற்றிருக்கிறார்கள் ஐயா! இந்த மொழி காதில் விழுந்துகொண்டிருந்த ஊரில்தான் காப்ரியேல் மெட்சு, தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் வேடன் ஒருவன் செத்த கௌதாரியை நீட்டுவதாக வரைந்தார். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவளுக்குப் பின்னால் அலமாரியின் மேல் ஒரு சிறு சிலை தெரிகிறது. கியூபிட், நம் கணக்கில் மன்மதன். கறிக்குக் கௌதாரி வாங்கும் காட்சியில் மன்மதனுக்கு என்ன வேலை? பேரம் பேசவா வந்தான்?

1983இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் என்ற கலை வரலாற்றாளர் எழுதிய நூலை அம்மையார் மேற்கோள் காட்டினார்கள். டச்சு ஓவியர்கள் கண்ணால் கண்டதை விவரித்தார்கள், உட்பொருளைத் துருவ வேண்டாம் என்பது அவர் வாதம். மதிக்க வேண்டிய வாதம்தான். ஆனால் ஒவ்வோர் இறகையும் இழை இழையாகத் தீட்டியவனுக்குச் சிலேடை தெரியக்கூடாதா? இரண்டையும் ஒரே கை செய்யாதா? உள்ளுறை என்ற சொல்லையே இலக்கணமாக வைத்திருக்கும் மொழிக்காரர்கள் நாம். வயலோர மாமரத்திலிருந்து விழும் பழத்தைக் குளத்து வாளை மீன் கவ்வுகிறது என்று குறுந்தொகையில் வந்தால், வாளையும் உண்மை, தலைவனும் உண்மை என்று பள்ளிப் பிள்ளையும் எழுதி மதிப்பெண் வாங்குகிறது. டச்சுக்காரனுக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

பேராசிரியர் ஐயா இன்னொன்றும் கேட்டார். பிற்காலத்தவராகிய நாம்தான் கெட்டுப்போய்விட்டோமாம், முன்னோர் வெள்ளந்தியாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக்கு வாருங்கள் ஐயா. டச்சு ஓவியர் வெர்மேர் வரைந்த ஓவியம், திறந்த சன்னலோரம் ஒரு பெண் கடிதம் படிக்கிறாள். 1742இல் சாக்சனி அரச சேகரிப்புக்கு வந்தபோதிலிருந்து உலகம் அறிந்தது என்ன? பின்னால் வெறும் சுவர். எவ்வளவு அமைதி, எவ்வளவு வெறுமை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். 1979இல் ஊடுகதிர்ப் படம் எடுத்தால், அந்தச் சுவரில் மாட்டிய பெரிய படத்தில் ஒரு கியூபிட், உடம்பில் துணியில்லாமல் நிற்கிறான்! சரி, வெர்மேரே மனம் மாறி அழித்திருப்பார் என்று நாற்பது ஆண்டு நம்பினார்கள். ஓவியத்தைச் சீரமைக்கத் தொடங்கிய பிறகு பார்த்தால், வெர்மேரின் வண்ணத்துக்கும் மேற்பூச்சுக்கும் இடையில் பழைய மெருகும் படிந்த அழுக்கும் இருந்தன. அதாவது, ஓவியர் இறந்து வெகுகாலம் கழித்து வேறொரு கை பூசிய சுவர் அது. 2019இல் இதை அறிவித்தார்கள். 2021இல் கியூபிட் முழுதாக வெளியே வந்துவிட்டான்.

யார் எதைக் கற்பித்தது? வெர்மேர் வைத்தது காதல். பின்னால் வந்தவர் கற்பித்தது சுவர். எதிரணியினர் இப்போது அந்தச் சுவருக்குத்தான் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரான்சை ஒரே மூச்சில் கடந்துவிடுகிறேன், மணிக்காரர் என்னையே பார்க்கிறார். ஃப்ராகொனாரின் ஊஞ்சல் ஓவியம் உங்களுக்குத் தெரியும், லண்டன் வாலஸ் சேகரிப்பில் இருப்பது. ஊஞ்சலில் ஆடும் பெண்ணின் செருப்பு காற்றில் பறக்கிறது. புதருக்குள் படுத்திருக்கிறான் ஒருவன். ஷார்ல் கொலே என்பவரின் 1767ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இந்தக் கதை இருக்கிறது. அரசவைப் பிரமுகர் ஒருவர் முதலில் டுவாயன் என்ற ஓவியரை அழைத்து, "என் காதலியை ஒரு பிஷப் ஊஞ்சலில் ஆட்டட்டும், அவள் கால்கள் தெரியும் இடத்தில் என்னை வையுங்கள்" என்றாராம். டுவாயன் வெலவெலத்துப் போனார். ஆனாலும் விடைபெறும் முன், "அம்மணியின் செருப்பு பறப்பதாக வையுங்கள், குட்டி மன்மதர்கள் பிடிக்கட்டும்" என்று யோசனை சொல்லிவிட்டுத்தான் போனார். வேலை ஃப்ராகொனாருக்கு வந்தது. செருப்பும் பறந்தது. கேட்டவர் கேட்டது, சொன்னவர் சொன்னது, எல்லாம் ஏட்டில் இருக்கிறது.

கிழக்கே போகலாம். அங்கே எதிரணி கொஞ்சம் பலமாக நிற்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சீனத்தில் தாமரையும் மீனும் சேர்ந்து வரும் படங்கள் ஏராளம். மீனுக்கும் மிச்சத்துக்கும் அங்கே ஒரே ஒலி, தாமரைக்கும் தொடர்ச்சிக்கும் ஒரே ஒலி. ஆகவே ஆண்டுதோறும் செல்வம் மிஞ்சட்டும் என்ற வாழ்த்து. வென் யீதுவோ என்ற கவிஞர் 1945இல் எழுதிய கட்டுரையில், நாட்டுப் பாடல்களில் மீன் என்றால் காதல் துணை என்று காட்டினார். பாடலுக்குச் சொன்னதைச் சுவரில் ஒட்டும் ஒவ்வொரு படத்துக்கும் நீட்டலாமா? எனக்குத் துணிவில்லை. 'மேகமும் மழையும்' என்றால் சீனத்தில் கூடல். சூ நாட்டு அரசனின் கனவில் வந்த மலைத்தேவி, காலையில் நான் மேகம், மாலையில் மழை என்று சொன்னதிலிருந்து அப்படி. அதற்காக மலை மேல் மேகம் தீட்டிய ஒவ்வொரு சீன ஓவியரையும் சந்தேகப்பட்டால் என்னைப் போல் மூடன் இல்லை.

ஆனால் ஜப்பானில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மையார் கேட்ட கேள்வி கூர்மையானது. "ஜப்பானியர்தான் ஷுங்கா என்று வெளிப்படையாகவே வரைந்தார்களே, பிறகு குறியீட்டில் ஒளிக்க என்ன தேவை?" ஷுங்கா என்றால் வசந்தப் படம். அங்கே வசந்தம் என்ற சொல்லே காமத்துக்கு முக்காடு. 1722இல் அரசு காம நூல்களைத் தடைசெய்தது உண்மை. தடைக்கு அஞ்சியா ஒளித்தார்கள்? 1788இல் ஓவியர் உட்டமாரோ வெளியிட்ட 'தலையணைப் பாட்டு' பன்னிரண்டு படங்கள் கொண்ட தொகுப்பு. பெரும்பாலான படங்களில் ஒளிவே கிடையாது. அதிலேயே ஒரு படம், தேநீர் விடுதி மாடியில் இருவர். அவள் நமக்கு முதுகு காட்டியிருக்கிறாள். தெரிவதெல்லாம் பிடரி, மெல்லிய துணி, அவனுடைய ஒற்றைக் கண். அவன் கையில் இருக்கும் விசிறியில் மெஷிமோரி என்ற கவிஞரின் பாட்டு. சிப்பி அலகை இறுகக் கவ்விக்கொள்ள, எழுந்து பறக்க முடியாத உள்ளான் பறவை, இலையுதிர்கால மாலை. இதே உள்ளானையும் மாலையையும் 12ஆம் நூற்றாண்டில் சாய்க்யோ என்ற துறவி பாடியிருந்தார், அது துறவின் துயரம். அந்தத் துறவியின் பறவையைக் கொண்டுவந்து கட்டிலில் மாட்டிவிட்டான் இந்தக் குறும்பன்! எல்லாம் காட்டிய தொகுப்பில், எதையும் காட்டாத இந்தப் படத்தைத்தான் இன்று தலைசிறந்ததாகக் கொண்டாடுகிறார்கள். அச்சம் இல்லாத இடத்திலும் ஒளித்தார்கள் அம்மா. ஒளிப்பதில் ஒரு ருசி இருந்தது. (உட்டமாரோவுக்குக் கைவிலங்கு விழுந்தது 1804இல். அதுவும் காமத்துக்காக இல்லை. ஹிதேயோஷி என்ற பழைய ஆட்சியாளரை வரைந்ததற்காக. அரசுகளுக்கு எது ஆபாசம் என்பது தனிப் பட்டிமன்றம்.)

மணி ஒன்று அடித்துவிட்டது. கொரியாவில் ஒரே ஒரு படம், முடித்துவிடுகிறேன்.

ஷின் யுன்-போக், 18ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 19இன் தொடக்கத்தையும் சேர்ந்த ஓவியர். அவருடைய முப்பது படத் தொகுப்பு சியோல் நகரத்துக் கான்சோங் அருங்காட்சியகத்தில் தேசியச் செல்வமாக இருக்கிறது. அதில் ஒரு படத்துக்கு 'வசந்தத்தில் திளைக்கும் கைம்பெண்' என்று பெயர் வழங்குகிறது. மறுமணம் செய்துகொண்ட பெண்ணின் மகன் அரசுத் தேர்வு எழுத முடியாது என்று சட்டம் வைத்திருந்த நாடு அது. அந்த நாட்டில் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆணை எப்படி வரைவது? வெள்ளை உடையில் அவளை ஒரு பைன் மரத்தண்டில் உட்காரவைத்தார். முற்றத்தில் இரண்டு நாய்களை விட்டார், மேலே சிட்டுக்குருவிகளை விட்டார். நாய்களும் குருவிகளும் வசந்த காலத்தில் என்ன செய்யுமோ அதைச் செய்கின்றன. ஹாலந்தில் ஃப்ரான்ஸ் ஃபான் மீரிஸ் 1658இல், மது ஊற்றும் பெண்ணுக்கும் படைவீரனுக்கும் பின்னால் இதே நாய்களை வைத்தார். அங்கே அது நையாண்டி. இங்கே எனக்கு நையாண்டி தெரியவில்லை. கைம்பெண்ணின் முகத்தில் லேசான புன்னகை.

எதிரணி சொல்லும், நாய் நாய்தான், குருவி குருவிதான், மற்றதெல்லாம் நம் மனம் என்று. சொல்லட்டும். ஆனால் அவளுக்குப் பக்கத்தில் ஒரு பணிப்பெண்ணையும் வரைந்திருக்கிறார் ஓவியர். அந்தப் பெண் கையை நீட்டித் தன் எசமானியின் தொடையைக் கிள்ளுகிறாள். எதற்குக் கிள்ளுகிறாள் என்பதை மட்டும் அம்மையார் தம் மறுப்புரையில் சொல்லிவிட்டால், நான் அந்த அணிக்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன். நன்றி, வணக்கம்.