மானை ஓடியே பிடிக்க முடியுமா?

வணக்கம் மக்களே. போன வீடியோவின் கீழே நிறையப் பேர் கேட்ட கேள்வி இது. முடியும். ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானாவின் கலஹாரி பாலைநிலத்தில் வேட்டையாடி வாழ்ந்துவந்த சான் பழங்குடி மக்கள் அப்படிப் பிடித்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த, விலங்குத் தடங்களை ஆராயும் லூயி லீபன்பெர்க் அவர்களோடு கூடவே ஓடிப் பார்த்து, 2006-ல் ஆய்விதழில் எழுதினார்.

வெயில் 40 டிகிரியைத் தொடும் நேரமாகப் பார்த்து, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். நமக்கு உடம்பெல்லாம் வேர்த்துச் சூடு இறங்கிவிடும். குடு என்கிற பெரிய இரலை மானுக்குப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூடு தணியும். நாலுகால் பாய்ச்சலில் அதற்கு வழியில்லை. நிழலில் ஒதுங்கவிடாமல் கிளப்பிக்கொண்டே இருந்தால் சில மணி நேரத்தில், 25, 30 கிலோமீட்டர் தாண்டி, அது அசையாமல் நின்றுவிடும். அப்புறம் ஈட்டிதான்.

இணையத்தில் பலரும் இதோடு நிறுத்திக்கொண்டு, "மனிதன் ஓடப் பிறந்தவன்" என்று ஷூ விற்கப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ இதில் காலைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம் என்று படுகிறது. மான் எடுத்த எடுப்பிலேயே பார்வையிலிருந்து மறைந்துவிடும். மிச்சத் தூரம் முழுக்கத் தடத்தைப் பார்த்துத்தான் ஓட வேண்டும். அது மந்தைக்குள் புகுந்துவிட்டால் இன்னும் சிக்கல். அத்தனை குளம்புச் சுவடுகளில் நம் மானுடையது எது? களைத்த மானின் அடி குறுகும், குளம்பு மணலில் இழுபட்டிருக்கும். அதைக் கோட்டைவிட்டு வேறொன்றின் பின்னால் போனால், அது இப்போதுதான் ஓடத் தொடங்கிய மான். அத்தனை ஓட்டமும் வீண்!

எந்தக் காலத்தில் எதைத் துரத்துவது என்பதற்கும் கணக்கு உண்டு. கோடையில் குடு, அதைப் போலவே பெரிய இரலையான ஈலண்ட். பொலபொலவென்ற மணலில் அவை சீக்கிரம் ஓய்ந்துவிடும் என்கிறார்கள். மழைக்காலத்தில் கெம்ஸ்பாக் என்கிற இன்னொரு இரலை, ஈர மணல் அதன் குளம்பை விரித்து மூட்டுகளை இறுக்கிவிடுமாம். கடா குடு என்றால் கொம்பின் பாரம் வேறு.

எழுதப் படிக்கத் தெரியாத தடம் பார்ப்பவர்களும் படத்தைத் தொட்டே தாங்கள் கண்டதைப் பதிவு செய்ய, லீபன்பெர்க் 'சைபர்டிராக்கர்' என்ற மென்பொருளையும் உருவாக்கினார். அடுத்த வீடியோவில் அதைத் திறந்து காட்டுகிறேன்.

ஆங், நம்ம ஊரில் ஓடிப் பார்க்கலாமா ப்ரோ என்று கேட்டவருக்கு: புள்ளிமானோ வெளிமானோ, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். மாரத்தானில் பெயர் கொடுங்கள்.