ஞாயிறு லீவே இல்லாத இலங்கை! நான்கு நாள் வேலை வாரம் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் சரிவருமா?

[திரையில்: பழைய நாட்காட்டித் தாள், அதன் மேல் பூரணை நிலவு]

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். 1966ஆம் ஆண்டிலிருந்து 1971ஆம் ஆண்டு வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலைநாளாக இருந்தது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் அம்மம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் பாடசாலைக்குப் போனவர்கள் நிச்சயம் நினைவு வைத்திருப்பார்கள். நான்கு நாள் மட்டும் வேலை செய்வது நமது ஊர்களுக்குச் சாத்தியமா என்று பேச வந்த காணொளியை இங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது: வேலை வாரத்தையே மாற்றிப் பார்த்த நாடு நம்முடையது.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க, கடை மற்றும் அலுவலக ஊழியர் சட்டத்தின்படி ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம் என்பதே வழமையான வேலைநேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் மேலதிக நேரக் கொடுப்பனவு தர வேண்டும். வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறையும் உண்டு. ஐந்து நாள் எட்டு மணித்தியாலம், சனிக்கிழமை ஐந்து மணித்தியாலம் என்று கூட்டினால் கணக்குச் சரியாக வரும். அரச அலுவலகங்களில் இருப்பவர்களுக்கு ஐந்து நாள், தனியார் துறையில் இருப்பவர்களுக்கு ஐந்தரை நாள் என்ற வேறுபாட்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: வளர்பிறை அட்டமி, பூரணை, தேய்பிறை அட்டமி, அமாவாசை]

இப்போது நிலவுக்கு வருவோம். அப்போதைய பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம், சந்திரனின் நான்கு நிலைகளையும் போயா (பௌத்தர்களின் புனித) நாட்களாக எடுத்து, அவற்றையே வாராந்த விடுமுறையாக்கியது. போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை. அட்டமி, பூரணை, மீண்டும் அட்டமி, அமாவாசை என்று நம் வீடுகளில் விரதத்துக்கும் நல்ல காரியத்துக்கும் பார்க்கும் அதே கணக்கில், நாட்டின் வங்கியும் துறைமுகமும் இயங்கின. ஒரு சந்திர மாதம் ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள். அதை நான்கால் வகுத்தால் ஏழு நாளும் கொஞ்சமும் வரும். அந்தக் கொஞ்சம் சேரும்போது சில வாரங்களுக்கு எட்டு நாள் ஆகிவிடும். இந்தக் கிழமை லீவு புதனில் என்றால் அடுத்த கிழமை பெரும்பாலும் புதனிலோ வியாழனிலோ வரும். திகதியைப் பார்க்காமல் யாராலும் எந்த ஏற்பாட்டையும் செய்ய முடியாது.

மட்டக்களப்பில் ஞாயிறு பூசைக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். ஞாயிறன்று போயா வாய்த்தால் அதிர்ஷ்டம். மற்ற ஞாயிறுகளில் தேவாலயத்துக்குப் போய்விட்டு அலுவலகத்துக்கும் ஓட வேண்டும். வெளிநாட்டு வியாபாரத்தில் இருந்தவர்களின் சிக்கல் வேறு விதமானது. இங்கே வேலைநாளாக இருக்கும் ஞாயிறன்று லண்டனில் கதவு மூடியிருக்கும், லண்டனில் வேலை நடக்கும் செவ்வாயன்று இங்கே போயாவாக இருக்கும். 1971ஆம் ஆண்டின் விடுமுறை நாட்கள் சட்டத்தோடு சனி, ஞாயிறு திரும்பி வந்தன. பூரணைப் போயா மட்டும் பொது விடுமுறையாக இன்றுவரை நிலைத்திருக்கிறது.

எனக்கு வியப்பூட்டும் ஒற்றுமை ஒன்று இங்கே இருக்கிறது. நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் வேலைக்குப் போயிருக்கும் ஐக்கிய அரபு இராச்சியம், 2022ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொடக்கம், மத்திய அரச ஊழியர்களுக்கு நாலரை நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. ஷார்ஜா இன்னும் ஒரு படி மேலே போய் நான்கு நாளாக்கியது. அதோடு வெள்ளி, சனியாக இருந்த வார இறுதி, சனி, ஞாயிறுக்கு மாறியது. வெள்ளி நண்பகலோடு வேலையை முடித்து ஜும்ஆத் தொழுகைக்கு இடம் விட்டு, உலகச் சந்தையோடும் நாளை ஒத்துப்போகச் செய்தார்கள். நாம் போயா வாரத்தைக் கைவிட்டதற்குப் பின்னால் இருந்த அதே நெருக்கடி, அரை நூற்றாண்டுக்குப் பிறகு அங்கேயும் வேலை செய்திருக்கிறது. எந்த நாளை லீவாக விடுவது என்ற கேள்வியில், நம்மோடு கொடுக்கல் வாங்கல் செய்பவர்களின் நாட்காட்டிக்கு எப்போதும் ஒரு பங்கு உண்டு.

[திரையில்: எரிபொருள் வரிசை, 2022]

"ஏன், 2022இல் எங்களுக்கும் வெள்ளிக்கிழமை லீவு தந்தார்களே" என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். அந்த ஆண்டு ஜூன் மாதம், எரிபொருள் தட்டுப்பாட்டின் உச்சத்தில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த அரச ஊழியர்களுக்கு மூன்று மாதங்களுக்கு வெள்ளி விடுமுறை என அமைச்சரவை தீர்மானித்தது. பெற்றோலை மிச்சப்படுத்துவதும், ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதும் அதன் நோக்கங்கள். ஆனால் வேலை செய்யும் முறையில் ஒரு துரும்பும் அசையவில்லை. ஐந்து நாளில் நடந்த அதே ஒழுங்கில் ஒரு நாளை வெட்டி எடுத்தார்கள், அவ்வளவுதான். அதை வைத்து "குறுகிய வாரம் நமக்குச் சரிவராது" என்று முடிவு கட்டுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

உண்மையாகச் செய்து பார்த்தவர்கள் முதலில் வேலையைத்தான் திருத்தினார்கள். ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை இரண்டாயிரத்து ஐந்நூறு பேரளவில் பங்கேற்ற பரிசோதனையில், சம்பளத்தைக் குறைக்காமல் நாற்பது மணித்தியாலத்தை முப்பத்தைந்து, முப்பத்தாறாக இறக்கினார்கள். கூட்டங்களைச் சுருக்கி, முறைமாற்று நேரங்களைத் திருத்தி அதைச் சாதித்தார்கள். பிரித்தானியாவில் 2022இல் அறுபத்தொரு நிறுவனங்கள் ஆறு மாதம் முயன்று பார்த்தன. ஐம்பத்தாறு நிறுவனங்கள் முடிந்த பிறகும் அதைத் தொடர்ந்தன. ஆனால் அவை தாமாக விரும்பி முன்வந்த நிறுவனங்கள், பெரும்பாலானவை மேசை வேலை செய்பவை. அந்த வெற்றியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஒரு நெல் ஆலையில் வைக்க முடியாது.

நமது ஊர் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். வாகரைப் பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒருவர் காணி விடயமாகக் காத்திருக்கிறார். அவருடைய கோப்பு விடய உத்தியோகத்தரின் மேசையில் கிடக்கிறது. உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அவர் வந்து சுருக்கொப்பம் இட்டதும் கோப்பு அடுத்த மேசைக்குப் போகிறது, அங்கே கடிதம் தட்டச்சாகிறது, பிறகு முழுக் கையொப்பத்துக்காக ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பிற்பகல் வரை காத்திருந்தவரிடம் "நாளைக்கு வாங்க ஐயா" என்கிறார்கள். அந்தக் கோப்பின் மேல் நடந்த உண்மையான வேலை அரை மணித்தியாலம்கூட இராது. மீதி முழுவதும் காத்திருப்பு. இப்படிப்பட்ட இடத்தில் மணித்தியாலத்தைக் குறைக்கத் தாராளமாக இடம் இருக்கிறது, கோப்பின் பாதையைத் திருத்தும் துணிவு இருந்தால்.

அடுத்து ஆடைத் தொழிற்சாலை. ஒரு லைனின் தலைப்பில் தொங்கும் பலகையில் மணிக்கு எத்தனை உருப்படி என்ற டார்கெட் எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு மணித்தியாலமும் அதன் கீழே உண்மை எண்ணிக்கை ஏறும். காலர் பொருத்தும் பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் அவளுடைய மெஷினுக்கு முன்னால் துணி குவியும், அவளுக்குப் பிறகு இருப்பவர்கள் கை சும்மா இருக்கும். சுருக்குவதற்கு அங்கே கூட்டமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. லைன் நின்றால் உற்பத்தி நின்றுவிடும்.

வைத்தியசாலை விடுதியும் (வார்ட்) அப்படித்தான், அதற்கு மிகத் தெளிவான கணக்கு சுவீடனில் இருக்கிறது. கோத்தன்பர்க் நகரத்து முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில், 2015, 2016ஆம் ஆண்டுகளில், எழுபது பேரளவிலான பராமரிப்பாளர்களுக்கு எட்டு மணித்தியால வேலையை, சம்பளத்தில் கை வைக்காமல், ஆறாகக் குறைத்தார்கள். எட்டில் இரண்டு என்பது காற்பங்கு. எழுபதில் காற்பங்கு, அதாவது எட்டு மணித்தியாலம் வேலை செய்யும் பதினேழரைப் பேரின் நேரம், குறைந்துபோனது. அவர்கள் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது ஏறத்தாழ பதினேழு பேரை! ஊழியர்களின் சுகவீன லீவு குறைந்தது, முதியோருக்குக் கிடைத்த கவனிப்பும் கூடியது, செலவும் கூடியது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் தாதியர்களுக்கு நேரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் (குறைக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்) அதற்கு ஒரே வழி, கூடுதலாகத் தாதியரை நியமிப்பதுதான்.

[திரையில்: 45 ÷ 4 = 11¼]

இந்த எண்ணை நன்றாகப் பாருங்கள். "நான்கு நாள் வாரம்" என்ற பெயரில், அதே நாற்பத்தைந்து மணித்தியாலத்தை நான்கு நாளுக்குள் அடைத்துத் தந்தால் ஒரு நாளைக்குப் பதினொன்றே கால் மணித்தியாலம் வேலை. சாப்பாட்டு நேரத்தையும் இரு பக்கப் பயணத்தையும் சேர்த்தால், விடியற்காலையில் புறப்படும் ஒரு பெண் இருட்டிய பிறகுதான் வீட்டுப் படியேறுவாள்; பிள்ளையின் புத்தகத்தைப் பார்க்கவும் நேரம் இராது. அதோடு நாளைக்கு எட்டு என்ற எல்லையைத் தாண்டும் நேரம் இன்றைய சட்டத்தில் ஓ.டி. (மேலதிக நேரம்); நாளாந்த எல்லையையே உயர்த்தினால் அந்தப் பணமும் போய்விடும். உங்கள் நிறுவனத்தில் யாராவது இந்த யோசனையோடு வந்தால், "மொத்த மணித்தியாலம் குறைகிறதா, ஓ.டி. என்ன ஆகும்" என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

நாட்கூலிக்கு வேலை செய்பவர்களுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் இல்லை. மேசன்மாருக்கும் மீன்வாடியில் நிற்பவர்களுக்கும் இந்தப் பேச்சு முழுவதுமே எட்டாத தூரத்தில் இருக்கிறது. கூலி உயராமல் அவர்களிடம் ஓய்வைப் பற்றிப் பேசுவது எனக்கு மனம் ஒப்பாத விடயம்.

அம்பாறை மாவட்டத்துக்கு இன்னொரு வழி பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். இங்கே வேலையின் அளவு போகத்தைப் பொறுத்தது. பெரும்போக அறுவடை தொடங்கியதும் சம்மாந்துறைப் பக்கத்து ஆலைகளுக்கும் நெல் ஏற்றும் லொறிகளுக்கும் ஓய்வே இராது. அறுவடை ஓய்ந்த பிறகு அதே ஆலையில் ஆட்கள் நேரம் போக்கிக்கொண்டு இருப்பார்கள். மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் ஆலைகளும் உரக்கடைகளும் வேலைநேரத்தை ஆண்டுச் சராசரியாகக் கணக்கிட்டு, அறுவடைக் காலத்தின் ஓ.டி.யில் கை வைக்காமல், ஓய்ந்த மாதங்களில் நான்கு நாள் வாரத்தை முழுச் சம்பளத்தோடு தரலாம். அந்த மாதங்களில் முதலாளி இழக்கும் உற்பத்தி மிகக் குறைவு. வேலையாளுக்குக் கிடைப்பதோ தன் வயலையும் வீட்டையும் பார்க்க ஒரு முழு நாள். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் அந்த நாள் வெள்ளியாக இருப்பதையே பலரும் விரும்புவார்கள்.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கச்சிமாரிடம் ஒன்று கேட்கிறேன்: சனிக்கிழமை அரைநாளை எடுத்துவிட்டு, வாரத்துக்கு நாற்பது மணித்தியாலம், சம்பளத்தில் மாற்றம் இல்லை, ஆனால் ஓ.டி.யும் குறையும் என்றால் ஏற்றுக்கொள்வீர்களா? உங்கள் நியமனக் கடிதத்தில் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று எழுதியிருக்கிறது, உண்மையில் எத்தனை மணித்தியாலம் நிற்கிறீர்கள் என்பதையும் நிறுவனத்தின் பெயரை எழுதாமல் கீழே பதிவிடுங்கள். ஆலை, கடை நடத்தும் முதலாளிமாரும் உங்கள் பக்கக் கணக்கைக் கட்டாயம் எழுதுங்கள். வரும் பதில்களை வைத்து அடுத்த காணொளியில் ஓ.டி. கணக்கை விரிவாகப் பார்ப்போம்.